ஐந்து வருடக் கெடு: வாசகர் கேள்விகள்

காந்தியின் கடைசி மகன் தேவதாஸும் ராஜாஜியின் கடைசி மகள் லட்சுமியும் விரும்பியதையும், தந்தையர் இருவரும் விதித்த ஐந்து வருடக் கெடுவுக்குக் கட்டுப்பட்டுக் காத்திருந்து மணந்ததையும் பற்றிச் சென்ற இதழில் அரைப்பக்கக் குறிப்பு ஒன்று வந்தது. அதைப் படித்து வாசகர்கள் எழுதியவற்றில் சில கேள்விகளுக்கு இங்கே பதில். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

குஜராத்திக் குடும்பத்துப் பையனுக்கும் சேலத்துப் பெண்ணுக்கும் பழக்கம் எப்படி ஏற்பட்டது? அந்தக் காலத்தில் அதற்கு வாய்ப்பே இருந்திருக்காதே?
*வாசகர், திருச்செங்கோடு*

மற்ற வீடுகளில் இருந்திருக்காது. இந்த இரண்டு வீடுகளிலும் இருந்தது. தேவதாஸ் 1900ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். 18 வயதில், தென்னாட்டவர்களுக்கு இந்தி சொல்லித்தர அப்பா அவரைச் சென்னைக்கு அனுப்பினார். இன்றைய தட்சிண பாரத இந்திப் பிரசார சபையின் முதல் பிரசாரகர் அவர்தான். அடுத்த வருடமே காந்தி சென்னைக்கு வந்து ராஜாஜியின் வீட்டில் தங்கினார். அதன் பிறகு இரு குடும்பங்களுக்கும் இடையே கடிதமும் போக்குவரத்தும் நிற்கவில்லை. லட்சுமி பிறந்தது 1912இல். ஆக, முதலில் தேவதாஸ் அவருக்கு வீட்டுக்கு வந்துபோகும் ஓர் அண்ணன் மாதிரிதான்.

1927 மார்ச் கடைசியில் காந்தி சுற்றுப்பயணத்தின் நடுவே உடல் நலம் கெட்டுப் படுத்தார். ஏப்ரலில் நந்தி மலைக்கும், ஜூனில் பெங்களூருக்கும் ஓய்வுக்குக் கொண்டுவந்தார்கள். ராஜாஜி கூடவே இருந்து கவனித்துக்கொண்டார். விருப்பம் தந்தையர் காதுக்கு எட்டியது அந்த ஆண்டில்தான். லட்சுமிக்கு 15 வயது, தேவதாஸுக்கு 27. வயதைப் பார்த்தால் தந்தையர் தயங்கியது முழுக்க நியாயம். இன்று இதே வயதில் ஒரு விருப்பம் வந்து சேர்ந்தால், திருமணத்தைப் பற்றிய பேச்சுக்கு முன்பே சட்டம் குறுக்கே வந்து நிற்கும்.

தலைவர் வீட்டுப் பெண் என்றால் வசதியாக இருந்திருப்பார் அல்லவா? அந்த வயதில் லட்சுமியின் அன்றாட வாழ்க்கை எப்படிப்பட்டது?
*கல்லூரி மாணவி, நாமக்கல்*

வசதி என்றால் அது 1925க்கு முன்பு வரை. ராஜாஜி சேலத்தில் பெயர் பெற்ற வக்கீல். ஒத்துழையாமை இயக்கத்தில் தொழிலை விட்டார். 1925 பிப்ரவரியில் உங்கள் பக்கத்துப் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கிக் குடும்பத்தோடு அங்கே குடிபோனார். கீற்று வேய்ந்த குடிசைதான் வீடு. லட்சுமிக்கு அம்மா கிடையாது. அவர் சிறு குழந்தையாக இருந்தபோதே அலமேலு மங்கம்மாள் இறந்துவிட்டார். அக்கா நாமகிரி இளம் வயதிலேயே கணவரை இழந்து அப்பாவோடு வந்து சேர்ந்தவர்.

ஆசிரமத்தின் பிரதான வேலை கதர். சுற்றுவட்டக் கிராமத்துப் பெண்களுக்குப் பஞ்சு கொடுத்து, நூலாகத் திரும்ப வாங்கி, கூலி கொடுத்து, நெசவுக்கு அனுப்ப வேண்டும். மழை பொய்த்த வருடங்களில் பல வீடுகளில் அந்தக் கூலிதான் அடுப்பெரித்தது. தீண்டத்தகாதவர் என்று ஊர் ஒதுக்கியவர்கள் ஆசிரமத்தில் சமமாக இருந்தார்கள், சமமாகச் சாப்பிட்டார்கள். சேலம் நகராட்சித் தலைவராக இருந்த காலத்திலேயே இந்த விஷயத்துக்காகச் சொந்த சாதியாரின் ஒதுக்குதலைச் சந்தித்தவர் ராஜாஜி. சாதி மறுப்பின் விலை என்ன என்பதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த பெண் லட்சுமி. கெடுவைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது.

நூற்பு என்றால் சும்மா அடையாளத்துக்கு என்று எண்ண வேண்டாம். 1924 டிசம்பர் பெல்காம் மாநாட்டுக்குப் பிறகு கொஞ்ச காலம், காங்கிரஸ் உறுப்பினர் கட்டணமே மாதம் 2,000 கஜம் நூல்தான். நன்றாகப் பழகிய கை ராட்டையில் மணிக்குச் சுமார் 300 கஜம் நூற்கும். ஆக மாதம் ஆறேழு மணி நேரம். புதிதாகக் கற்பவருக்கு இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். பஞ்சுத் திரி சீராக இல்லாவிட்டால் நூல் ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும், மெலிந்த இடத்தில் அறுந்துபோகும்.

ஐந்து வருடக் கெடு என்பது மறைமுகமாக 'வேண்டாம்' என்று சொல்வதுதானே? அதில் சரியாக என்ன நிபந்தனைகள் இருந்தன?
*ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்*

இல்லை. எங்கள் கருத்தில் இந்த விவகாரத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. நிபந்தனை இவ்வளவுதான்: ஐந்து வருடம் பிரிந்திருக்க வேண்டும், சந்திக்கக் கூடாது, கடிதம் எழுதக் கூடாது. அதற்குப் பிறகும் இருவர் மனமும் மாறாமல் இருந்தால் பெரியவர்கள் தடை சொல்ல மாட்டார்கள். கடைசி வாக்கியம் இல்லாவிட்டால்தான் நீங்கள் சொல்வது சரி. அது இருந்ததால், கெடு இளையவர்களைக் கட்டிய அதே அளவுக்குத் தந்தையரையும் கட்டியது. 'பார்க்கலாம்', 'படிப்பு முடியட்டும்', 'நேரம் வரட்டும்' என்று சொல்லும் வீடுகளில் யாருக்கும் பொறுப்பு கிடையாது. இங்கே தேதி இருந்தது.

ஐந்து என்ற எண்ணுக்கும் பொருள் உண்டு. அன்றைய பதிவுத் திருமணச் சட்டப்படி பெண்ணுக்கு 14 வயது நிறைந்தால் போதும். ஆனால் 21 நிறையும் வரை தகப்பனார் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும். 15 வயதில் லட்சுமி சொல்லும் 'சரி' உண்மையில் ராஜாஜியின் 'சரி'. ஐந்தாறு வருடம் கழித்து அது லட்சுமியுடையதாக ஆகிவிடும்.

தவறிப்போக நிறைய இடம் இருந்தது. அந்த வருடங்கள் அமைதியாகக் கழியவில்லை. 1930இல் ராஜாஜி வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார், கைதானார். தேவதாஸும் சிறை சென்றார். 1931இல் அப்பாவோடு வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் போனார். 1932இல் கோரக்பூர் சிறையில் டைபாய்டில் கிடந்தார். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டு ஒரு வரி எழுதி நலம் விசாரிக்கக்கூட அனுமதி இல்லாத நிலையில் ஒரு 20 வயதுப் பெண் இருந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். கெடுவைப் புகழ்ந்து பேசுபவர்கள் இந்தப் பக்கத்தைச் சொல்வதே இல்லை. கடிதத்தையும் தடுத்தது தேவைக்கு மீறிய கடுமை என்பதே எங்கள் எண்ணம்.

தாழ்த்தப்பட்டோருக்கான சட்டசபை இடங்கள் பற்றி 1932 செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் ராஜாஜி, தேவதாஸ் இருவர் கையெழுத்தும் உண்டு. நாட்டு விவகாரத்தில் ஒரே தாளில் கையொப்பமிடும் அளவுக்குப் பெரியவரும் இளையவரும் நெருங்கியே இருந்தார்கள்.

திருமணம் 1933 ஜூன் 16, பூனாவில். தாக்கர்சி குடும்பத்தாரின் 'பர்ணகுடி' மாளிகைதான் மண்டபம். மே 29 அன்றுதான் காந்தி அதே வீட்டில் 21 நாள் உண்ணாவிரதத்தை முடித்திருந்தார். உடம்பில் தெம்பு இல்லை. லட்சுமண சாஸ்திரி ஜோஷி சடங்கை நடத்திவைத்தார். காந்தி சுருக்கமாகப் பேசினார். ராஜாஜி போற்றி வைத்திருந்த மணியை இன்று கொள்ளையடித்துவிட்டாய், அதற்குத் தகுதியானவனாக இரு என்பது மகனுக்கு அவர் சொன்னதன் சாரம்.

பிராமணப் பெண், வைசியப் பையன். அன்றைய சட்டப்படி அந்தத் திருமணம் செல்லுமா?
*வழக்கறிஞர், மதுரை*

நீங்கள் எதிர்பார்த்தே கேட்டிருக்கிறீர்கள். ஆண் மேல் வருணம், பெண் கீழ் வருணம் என்றால் அனுலோமம். அதை பம்பாய் உயர் நீதிமன்றம் 1922இல் ஏற்றிருந்தது. இதன் தலைகீழான பிரதிலோமத்தை அதே நீதிமன்றம் 1912இல் செல்லாது என்று சொல்லியிருந்தது. தேவதாஸ்–லட்சுமி திருமணம் பிரதிலோமம். சடங்கை மட்டும் நம்பினால் சாஸ்திரச் சட்டம் காலை வாரிவிடக்கூடிய நிலை.

மாற்று வழி 1872ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். முதலில் அதன்கீழ் மணப்பவர்கள், தாங்கள் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவம், பார்சி உள்ளிட்ட எந்த மதத்தையும் சேர்ந்தவர்கள் அல்ல என்று எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. 1923இல் வந்த திருத்தம் இந்து, பௌத்த, சீக்கிய, சமணர்களுக்கு அந்த உறுதிமொழியை நீக்கியது. அதற்கு விலையும் வைத்தது: அப்படி மணப்பவர் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகிவிடுவார், அவர் சொத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி இறங்கும், அவர் தத்து எடுக்க முடியாது. வேறு மகன் இல்லாத அவருடைய தகப்பனார் மட்டும் புதிதாக ஒரு மகனைத் தத்து எடுத்துக்கொள்ளலாம், ஏதோ இருக்கிற மகன் இறந்துபோனதைப் போல. சாதி விட்டு மணந்தவரைச் சட்டமே இப்படித்தான் பார்த்தது.

1949இல் வந்த இந்துத் திருமணங்கள் செல்லுபடிச் சட்டம்தான் இதை அடியோடு தீர்த்தது. சாதி வேறு என்ற ஒரே காரணத்துக்காக எந்த இந்துத் திருமணமும் செல்லாததல்ல, இதற்கு முன் நடந்ததும் செல்லாததாக இருந்ததில்லை என்று பின்னோக்கியும் சொன்னது. அப்போது இந்தத் தம்பதிக்கு மணமாகிப் பதினாறு வருடம், நான்கு பிள்ளைகள். லட்சுமியின் அப்பா அந்த ஆண்டு நாட்டின் கவர்னர் ஜெனரல்.

தேவதாஸுக்கு அனுமதித்த காந்தி, மணிலாலை மட்டும் ஏன் தடுத்தார்?
*வாசகி, கோயம்புத்தூர்*

மணிலால், காந்தியின் இரண்டாவது மகன். தென்னாப்பிரிக்காவில் 'இந்தியன் ஒபீனியன்' பத்திரிகையை நடத்தியவர். கேப் டவுனின் கூல் குடும்பத்துப் பெண் ஃபாத்திமாவை மணக்க விரும்பி 1926இல் அனுமதி கேட்டார். ஏப்ரலில் காந்தி எழுதிய பதில் கடுமையானது. இது தர்மத்துக்கு விரோதம், ஓர் உறையில் இரண்டு வாள் வைப்பது போன்றது என்றார். இந்து–முஸ்லிம் பிரச்சினையை இது பலமாகப் பாதிக்கும் என்றார். நீ என் மகன் என்பதை நீயும் மறக்க முடியாது, சமூகமும் மறக்காது என்றார். மணிலால் பணிந்தார். பதினோரு மாதத்தில், 1927 மார்ச்சில், அகோலாவில் சுசீலா மஷ்ருவாலாவுடன் அவருக்குத் திருமணம் நடந்தது.

அனுமதி கேட்டபோது மணிலாலுக்கு வயது 33. பல ஆண்டுகளாகத் தனியே உழைத்து வாழ்ந்தவர். அவருக்குக் கெடுகூடக் கொடுக்கப்படவில்லை. அடுத்த ஆண்டில் 15 வயதுப் பெண்ணுக்கு ஐந்து வருடம் கொடுத்தார்கள். வித்தியாசம் வயதில் இல்லை, மதத்தில் இருந்தது. அப்பாவின் பொது வாழ்க்கைக்கு வரக்கூடிய சேதத்தில் இருந்தது. காந்தி பின்னாளில் வெகுவாக மாறினார். மணமக்களில் ஒருவராவது ஹரிஜனாக இருந்தால்தான் திருமணத்துக்கு ஆசி என்னும் அளவுக்கு வந்தார். அந்த மாற்றம் மணிலாலுக்கும் ஃபாத்திமாவுக்கும் எந்த வகையிலும் உதவவில்லை. இது அநியாயம் என்று சொல்வதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை.

ஜின்னாவின் மகள் விஷயத்திலும் இதே கதைதானா?
*வாசகர், வாணியம்பாடி*

ஆமாம், இன்னும் கசப்பாக. 1918இல் ஜின்னா மணந்தது பார்சிச் செல்வந்தர் தின்ஷா பெட்டிட்டின் மகள் ரத்தன்பாயை. பெண் சிறுமி என்று தகப்பனார் நீதிமன்றத்தில் தடை வாங்கினார். 18 முடிந்ததும் அவர் வீட்டை விட்டு வந்து, இஸ்லாத்துக்கு மாறி, ஜின்னாவை மணந்தார். அவர்கள் மகள் தீனா 1938இல், 19 வயதில், பார்சி வம்சத்தில் வந்த கிறிஸ்தவரான நெவில் வாடியாவை மணக்க நின்றபோது, ஜின்னா எதிர்த்தார். தீனா கேட்கவில்லை, உறவு முறிந்தது. பிரிவினைக்குப் பின்னும் இந்தியாவிலேயே இருந்தார். 1948இல் அப்பாவின் இறுதிச் சடங்குக்குக் கராச்சி போனார்.

இந்திரா காந்தி கல்யாணத்தில் அப்பா நூற்ற நூலில் நெய்த புடவையைக் கட்டினார் என்று படித்தேன். ஒரு புடவைக்கு எவ்வளவு நூல் வேண்டும்? ஒருவர் தனியாக நூற்க முடியுமா?
*நெசவாளர் குடும்பத்து வாசகி, சின்னாளபட்டி*

படித்தது சரி. 1942 மார்ச் 26, ராமநவமி அன்று அலகாபாத் ஆனந்த பவனில் இந்திராவும் பார்சியான ஃபெரோஸும் மணந்தார்கள். நேரு சிறையில் நூற்ற நூலில் நெய்த வெளிர் ரோஜா நிறக் கதர்ப் புடவை அது. 1968 பிப்ரவரியில் சோனியாவும் தன் திருமணத்துக்கு அதையே உடுத்தினார்.

கணக்குக்கு வருவோம். புடவை ஐந்தரை மீட்டர் நீளம், 45 அங்குல அகலம், அங்குலத்துக்குப் பாவிலும் (நீளவாட்டு நூல்) ஊடையிலும் (குறுக்கு நூல்) 40 இழை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாவு 1,800 இழை, இழைக்கு ஐந்தரை மீட்டராக 9,900 மீட்டர். ஊடைக்கும் ஏறக்குறைய அதே அளவு. மொத்தம் 19,800 மீட்டர், கஜத்தில் 21,650. அறுந்தது, தறியில் மிஞ்சும் நுனி என்று பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 24,000 கஜம். 840 கஜச் சிட்டமாக (நூல் கட்டாக) 28, 29 வரும். மணிக்கு 300 கஜம் என்றால் 80 மணி நேரம். நாள் தவறாமல் ஒரு மணி நேரம் நூற்றால் மூன்று மாதத்துக்குள் முடியும். பெல்காம் விதித்த ஒரு வருட நூலும் சரியாக இதே 24,000 கஜம்தான்.

சிரமம் அளவில் இல்லை, முறுக்கில் இருக்கிறது. உங்கள் வீட்டில் தெரிந்திருக்கும்: முறுக்குக் குறைந்த கைநூலைப் பாவுக்குக் கொடுத்தால் தறியின் அச்சில் உரசி உரசி அறும், நல்ல கஞ்சி போட்டாலும் முழுக்கத் தாங்காது. முறுக்கு ஏறிய சிட்டங்களைப் பாவுக்குப் பிரித்து வைத்து, மற்றதை ஊடைக்குக் கொடுப்பதே வழி.

ஃபெரோஸ் முதன்முதலில் கேட்டது 1933இல். இந்திராவுக்கு அப்போது 16கூட நிறையவில்லை. சிறுபெண் என்று தாய் கமலா மறுத்துவிட்டார். நடுவில் ஒன்பது வருடம் ஓடியது. கல்யாணச் செய்தி வெளியானதும் கண்டனக் கடிதங்கள் குவிந்தன. காந்தி 'ஹரிஜன்' இதழில் எழுதி ஆதரித்தார். சட்டப்படி பார்த்தால் 1923 திருத்தம் பார்சிகளைச் சேர்க்கவில்லை. இருவரும் மதத்தைக் கைவிட்டதாக எழுதித் தர வேண்டும். அதை விட்டுவிட்டு வேத முறையில் அக்கினி வலம் வந்தார்கள்.

என் மகளுக்கு 17 வயது. வேறு மதத்துப் பையன் ஒருவனைப் பிடித்திருக்கிறது என்கிறாள். அவள் அப்பா ஊரில் பொறுப்பில் இருப்பவர். நாலு பேர் பேசுவார்கள் என்று கொதிக்கிறார். நாங்களும் ஐந்து வருடக் கெடு வைக்கலாமா?
*ஒரு தாய், ஈரோடு மாவட்டம்*

அம்மா, உங்களிடமே வந்து சொன்ன பெண் அவள். அதை முதலில் காப்பாற்றிக்கொள்ளுங்கள். போனைப் பிடுங்குவது, பள்ளியை நிறுத்துவது, அவசரமாக வேறு வரன் பார்ப்பது எதுவும் வேண்டாம். 18 நிறையாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது குற்றம். 'மானம் காக்க' செய்தாலும் குற்றம்தான். அந்தப் பையனுக்கும் ஒன்று தெரிய வேண்டும்: 18க்குக் கீழ் உள்ள பெண்ணின் சம்மதத்தை, சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் ஏற்காது. இதை மிரட்டலாகச் சொல்லாமல் தகவலாகச் சொல்லுங்கள்.

கெடு வைப்பதானால் அதைத் தேதியோடு வையுங்கள். 'டிகிரி முடித்து, 21 வயதில், உன் எண்ணம் இதுவாகவே இருந்தால் நாங்கள் வந்து நிற்போம்' என்று அவள் அப்பா தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் கெடுவே வேண்டாம். ஏமாற்றி நாள் கடத்துகிறீர்கள் என்று அவளுக்கு ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். பையன் வீட்டாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். பேச்சை அறவே நிறுத்தாதீர்கள். நீங்கள் அறிய நடக்கும் பேச்சு, ஒளிந்து நடப்பதைவிட எவ்வளவோ மேல். அப்பாவின் பதவியைக் காரணமாகச் சொல்வதை மட்டும் முற்றிலும் தவிர்க்கச் சொல்லுங்கள். பிள்ளையின் வாழ்க்கைக்குத் தன் பதவி விலை ஆகிறது என்று அவள் நினைத்துவிட்டால், பிறகு நீங்கள் சொல்லும் நியாயமான காரணங்களையும் கேட்க மாட்டாள்.

உரிய வயது வந்தபின் இருவரும் மதம் மாறாமல் மணக்க 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைந்திருக்க வேண்டும். இருவரில் ஒருவராவது 30 நாளாவது வசித்துவரும் மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். நம் மாநிலத்தில் சார்பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்கலாம். அறிவிப்பு 30 நாள் பலகையில் இருக்கும். நிரந்தர முகவரி வேறு மாவட்டமானால் அங்கேயும் நகல் போகும், உறவினர் கண்ணில் படும். அதனால் குடும்பத்தில் சொல்ல வேண்டியவர்களிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. எதிர்ப்பு யார் வேண்டுமானாலும் தரலாம். ஆனால் வயது, ஏற்கெனவே உள்ள திருமணம், மனநிலை, விலக்கப்பட்ட உறவுமுறை ஆகியவற்றை வைத்துத்தான் தர முடியும். சாதி, மதம், அப்பாவின் கௌரவம் எதுவும் காரணமாகாது. 30 நாள் முடிந்ததும் மூன்று சாட்சிகளோடு போய்க் கையெழுத்திடலாம். பலர் கோட்டை விடுவது இரண்டு இடங்களில்: பள்ளிச் சான்றிலும் ஆதாரிலும் பெயர், பிறந்த தேதி ஒத்துப்போகாமல் இருப்பது, அறிவிப்புக் கொடுத்து மூன்று மாதத்துக்குள் மணக்காமல் விடுவது. மூன்று மாதம் தாண்டினால் அந்த அறிவிப்பு காலாவதி, மறுபடி முதலிலிருந்து கொடுக்க வேண்டும்.